ஆய்வுக்கூடத்து உயிர்களும் அணுவிரதமும்

சத்தியமங்கலத்தைத் தழுவிச் செல்லும் பவானி, நீலமலையின் பல ஓடைகளைத் தன்னுள் வாங்கிக்கொண்டு சமவெளிக்கு வரும் ஆறு. அவ்வோடைகளுள் ஒன்று குன்னூர் ஆறு. அது மேட்டுப்பாளையத்தருகே பவானியோடு கலக்கிறது. அந்தக் குன்னூரில் 1907-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாஸ்டர் ஆய்வு நிலையம் இன்றும் இயங்கி வருகிறது. வெறிநாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் போடப்பட்ட பதினான்கு ஊசிகளை நம் இல்லத்துப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் நாய் கடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்தந்தையர் ஏராளம். அவர்களுக்கு அந்த ஊசி உயிர்ப்பிச்சையாக இருந்தது. அம்மருந்து செம்மறி ஆட்டின் மூளையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பெரும்பாலோர் அறியார். அறிந்திருந்தாலும் அந்த நேரத்தில் அதை எண்ணிப் பார்க்கும் மனநிலை யாருக்கு இருந்திருக்கும்?

கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட நம் சமுதாயத்துக்கு இது சிறிய கேள்வியன்று. ஊன் உண்பதை நாம் விலக்கிவிடலாம். பட்டும் தோலும் வேண்டாம் என்று இருந்துவிடலாம். நோயுற்ற குழந்தைக்கு வேண்டிய மருந்தை விலக்குவது எங்ஙனம்? விலங்குகள்மீது செய்யப்படும் சோதனைகளை எதிர்த்து உலகெங்கும் நடந்த இயக்கங்களின் வரலாற்றைப் பார்த்தால், அவை யாவும் இறுதியில் இந்த ஒரு கேள்வியிலேயே வந்து முட்டி நிற்பதைக் காணலாம். அந்த வரலாற்றின் முக்கியமான பகுதி ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தது என்பதால், இம்மலரில் அதனைச் சற்று விரித்துரைப்பது பொருந்தும்.

ஐரோப்பாவிலிருந்தே தொடங்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உடலியல் ஒரு தனித் துறையாக வளர்ந்தபோது, உயிருள்ள நாய், முயல், தவளை முதலியவற்றை அறுத்து உள்ளுறுப்புகளின் இயக்கத்தைக் காண்பது அதன் வழக்கமான முறையாயிற்று. இதை எதிர்த்து எழுந்தவர்களுள் தலையாயவர் பிரான்சிஸ் பவர் காப் என்னும் அம்மையார். அவர் 1875-இல் இலண்டனில் ஒரு சங்கம் அமைத்தார். மறு ஆண்டே, 1876-இல், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதற்கெனச் சட்டம் இயற்றியது. சோதனை செய்வோர் உரிமம் பெற வேண்டும், மயக்க மருந்து கொடுத்தே செய்ய வேண்டும் என்பவை அதன் அடிப்படை. ஆனால் விதிவிலக்குகள் மிகுதியாக இருந்தன. உரிமம் பெற்றவனைக் காக்கும் சட்டமாக இது ஆகிவிட்டதே என்று காப் அம்மையார் மனம் நொந்தார்.

அதன்பின் அவருடைய சங்கத்துக்குள்ளேயே ஒரு பிளவு ஏற்பட்டது. முழுத் தடைதான் வேண்டும், அதற்குக் குறைந்த எதையும் கேட்கலாகாது என்றார் காப். முழுத் தடை இன்று கிடைக்காது, கிடைக்கக்கூடிய கட்டுப்பாடுகளைப் படிப்படியாகப் பெறுவோம் என்றார் ஸ்டீபன் கோல்ரிட்ஜ். 1898-இல் கோல்ரிட்ஜின் பக்கம் சங்கம் சாய்ந்தது. காப் தாம் வளர்த்த சங்கத்தை விட்டு வெளியேறி, முழுத் தடையையே கோரும் வேறொரு சங்கத்தைத் தொடங்கினார். இரு சங்கங்களும் நெடுங்காலம் தனித்தனியே இயங்கின.

நம் மரபை அறிந்தவருக்கு இந்தச் சண்டை வியப்பைத் தரும். துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தானுக்கு அணுவிரதம் என்று ஒரே அறத்துக்கு இரு படிகளை வகுத்தவர்கள் நம் ஆசாரியர்கள். கீழ்ப்படியில் நிற்பவன் மேற்படியைப் பழிப்பதில்லை. மேற்படியில் நிற்பவர் கீழ்ப்படியை ஏமாற்று என்று தள்ளுவதுமில்லை. ஆயினும் இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. இல்லறத்தானுக்கு இவ்வளவே போதும் என்று முதற்படியிலேயே அமர்ந்துவிடுவது மிக எளிது. காப் அம்மையார் அஞ்சியதும் இதைத்தான்; அவருடைய அச்சம் வீணன்று என்பதை இந்திய வரலாறு பின்னர்க் காட்டியது.

அதே காலத்தில்தான் பாரிஸில் லூயி பாஸ்டரின் ஆய்வு நடந்தது. 1885 ஜூலையில், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தை அவர் செலுத்தினார். நோய் ஏற்றப்பட்டு இறந்த முயல்களின் முதுகுத்தண்டு வடத்தை உலர்த்தி உண்டாக்கிய மருந்து அது. சிறுவன் பிழைத்தான். உலகம் முழுவதும் பாஸ்டர் பெயரில் நிலையங்கள் தோன்றத் தொடங்கின. எதிர்ப்பு இயக்கத்துக்கு இதைவிடப் பெரிய சோதனை வந்ததில்லை. அதுவரை ஆய்வாளர்கள் அறிவு வளர்ச்சிக்காகச் செய்கிறோம் என்று மட்டுமே சொல்ல முடிந்தது. இனி ஒரு குழந்தையின் முகத்தைக் காட்ட முடிந்தது.

இந்தியாவில் நாய்க்கடிக்கு ஆளான ஆங்கிலப் படைவீரர்களைப் பாரிஸுக்கே கப்பலேற்றி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. இங்கேயே நிலையம் வேண்டும் என்ற யோசனை 1890-களில் வலுத்தபோது, உயிர்வதை இந்நாட்டுச் சமயங்களுக்கு ஒவ்வாதது என்ற வாதத்தை எதிர்ப்பு இயக்கத்தார் முன்வைத்தனர். எதிர்ப்பை மீறி 1900-இல் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் முதல் நிலையம் அமைந்தது. தென்னாட்டவருக்குக் கசௌலி எட்டாத தொலைவு. நாய் கடித்தபின் நாள்கள் கடந்தால் மருந்து பயன்படாது. எனவே ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கர்சன் பிரபுவிடம் அளித்த நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் எழுப்பப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை இரயில் 1899-லேயே ஓடத் தொடங்கியிருந்ததால், சமவெளி மக்களும் அங்குச் சென்று சேர முடிந்தது.

1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் ஒரு புதிய முறையைக் கண்டார். நோய் ஏற்றப்பட்ட ஆட்டின் மூளையை எடுத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியின் வீரியத்தை அழித்து மருந்தாக்குவது அம்முறை. அதைப் பெருமளவில் தயாரிக்கலாம். வெளியூர் மருத்துவமனைகளுக்கு அனுப்பலாம். இந்தியா முழுவதும் அதுவே நிலைபெற்றது. தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசி இந்தச் செம்பிள் மருந்துதான்.

அதைத் தடுப்பதற்கு இந்தியாவில் சட்டம் எதுவும் இல்லை. 1876-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டம் இந்நாட்டுக்குப் பொருந்தாது. இங்கு 1890-இல் இயற்றப்பட்ட பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பெரும்பாலும் வண்டி மாடு, சுமைக் குதிரை போன்றவற்றை மனத்திற்கொண்டது. ஆய்வுக்கூடத்தைப் பற்றி அது வாய்திறக்கவில்லை. தம் நாட்டில் உரிமம் பெற்றே செய்ய வேண்டியதை ஆங்கில மருத்துவர்கள் இங்கே எவரையும் கேளாமலே செய்யலாம் என்ற நிலை அரை நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது.

குன்னூர் நிலையத்தில் நடந்த வேறோர் ஆய்வையும் இடையே சொல்லிவிட வேண்டும். மரக்கறி உணவினராகிய நமக்கு அது தனிச் சுவை உடையது. ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் அங்கே உணவூட்டம் பற்றி ஆராய்ந்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் சேர்ந்த பஞ்சாபியர் உணவை உண்ட எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாணத்து உணவை உண்டவை மெலிந்தன. தவிடு நீக்கிய அரிசியின் குறையை உலகுக்கு உணர்த்தியவற்றுள் இதுவும் ஒன்று. அந்த உணவு ஆய்வுக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் விளங்குகிறது. கைக்குத்தல் அரிசியின் பெருமையைப் பேசும் நம்மில் எத்தனை பேர் அந்த எலிகளை நினைத்ததுண்டு?

காந்தியடிகளின் நிலைப்பாடு நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. இலண்டனில் மாணவராக இருந்தபோது மரக்கறி உணவாளர் சங்கத்தில் அவர் செயற்குழு உறுப்பினர். அங்கு அவர் மனத்தைக் கவர்ந்த நூலை எழுதிய ஹென்றி சால்ட், 1891-இல் ஒரு மனிதநேயச் சங்கத்தை நிறுவி விலங்குச் சோதனைகளையும் எதிர்த்தவர். குஜராத்துச் சமண அறிஞர் ராய்சந்த்பாயின் தொடர்பு பின்னர் அமைந்தது. 1909-இல் எழுதிய இந்திய சுயராஜ்யம் என்னும் நூலில், மனித உடலைப் பேணுவதாகச் சொல்லி மருத்துவர்கள் உயிர்களை அறுத்துச் சோதிப்பதைக் காந்தியடிகள் கடுமையாகச் சாடினார்.

ஆனால் அதே காந்தியடிகள் 1926-இல் நம் சமயத்தாரின் கடுஞ்சினத்துக்கு ஆளானார். அகமதாபாத்தில் ஆலை அதிபரும் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவருமான அம்பாலால் சாராபாய், தம் ஆலை வளாகத்தில் திரிந்த சுமார் 60 தெருநாய்களைக் கொல்லச் செய்தார். வெறிநோய் அச்சமே காரணம். ஊரே கொந்தளித்தது. வேறு என்ன செய்திருக்க முடியும் என்று காந்தியடிகள் கேட்டார். யங் இந்தியா இதழில் தொடர்ந்து எழுதினார். நாய்களுக்குத் தெருவில் சோறு போடுவதையே கருணை என்று எண்ணி, அவற்றுக்கு உரிமையாளராகப் பொறுப்பேற்க மறுப்பதுதான் இந்தக் கொலைக்கு வேர் என்பது அவர் வாதம். கடிதங்கள் குவிந்தன, பல வசைக் கடிதங்கள். அவர் முடிவை நாம் ஏற்கவேண்டியதில்லை. இக்கட்டுரையாளனும் ஏற்கவில்லை. எனினும் அவர் சுட்டிய இடம் சரியான இடம். வெறிநாய், கடிபட்ட குழந்தை, மருந்துக்காக இறக்கும் ஆடு ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். முதற் கண்ணியைக் கவனியாமல் விட்டுவிட்டு மூன்றாவதற்காக வருந்துவது பயன் தராது.

இனி சென்னைக்கு வருவோம். அடையாற்றில் தலைமையிடம் கொண்ட பிரம்மஞான சங்கத்தார் தொடக்கத்திலிருந்தே விலங்குச் சோதனையை எதிர்த்து வந்தனர். அன்னி பெசன்ட் அம்மையார் அதைப் பற்றி எழுதியும் பேசியும் வந்தவர். அந்தச் சூழலில் வளர்ந்தவர் 1904-இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்திரத்தை நிறுவிய நாட்டியக் கலைஞர் என்றே தமிழகம் அவரை நினைவிற் கொண்டிருக்கிறது. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டபோது அவர் கையிலெடுத்தது கலையை அன்று, பிராணிகளை. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக ஒரு தனிநபர் மசோதாவை அவர் கொண்டுவந்தார். 1954-இல் அது விவாதத்துக்கு வந்தது. பிரதமர் நேரு தாமே எழுந்து பேசினார். நோக்கத்தைப் பாராட்டி, அரசே ஒரு குழு அமைத்து முழுமையான சட்டம் கொண்டுவரும் என்று உறுதியளித்து, மசோதாவைத் திரும்பப் பெறும்படி கேட்டுக்கொண்டார். ருக்மிணி தேவி இசைந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1960 டிசம்பரில், பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது.

அச்சட்டத்தின் நான்காம் அத்தியாயம் முழுவதும் விலங்குச் சோதனை பற்றியது. அதன் 14-ஆம் பிரிவு, புதிய அறிவுக்காகவோ நோயை எதிர்ப்பதற்காகவோ செய்யப்படும் சோதனை சட்டவிரோதமாகாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. காப் அம்மையார் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே தாளைக் கிழித்திருப்பார். ஆனால் 17-ஆம் பிரிவு வேறு குரலில் பேசுகிறது. மயக்க மருந்து தரவேண்டும். மீளா வேதனைக்கு ஆளான உயிரை உணர்வு திரும்புமுன் விடுவிக்க வேண்டும். வெறும் கைத்திறன் பயிற்சிக்காகச் சோதனை செய்யலாகாது. இயன்ற இடமெல்லாம் சோதனையையே தவிர்க்க வேண்டும். கல்லூரிகளில் நூல், மாதிரி உரு, திரைப்படம் ஆகியவற்றால் கற்பிக்க முடியுமானால் உயிரைத் தொடவேண்டாம் என்றும் அது எடுத்துக்காட்டோடு கூறுகிறது. இவற்றைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்க 15-ஆம் பிரிவு வழிசெய்தது.

மாதிரி உரு என்ற சொல் நம் காப்பியங்களைப் படித்தவர் நெஞ்சில் உடனே இரு நினைவுகளை எழுப்பும். யசோதர காவியத்தில் மன்னன் யசோதரன் தாய் சந்திரமதியின் சொல்லுக்கிணங்கி, உயிர்க்கோழிக்கு மாற்றாக மாவினால் செய்த கோழியைத் தேவிக்குப் பலியிடுகிறான். வெட்டியது மாவைத்தான், ஆயினும் கொல்லும் எண்ணத்தோடு வெட்டியதால், மயிலாகவும் நாயாகவும் பல பிறவிகளில் தாயும் மகனும் உழல்கிறார்கள். நீலகேசியிலோ, காளி கோயிலுக்குப் பலி விலங்குகளோடு வந்தவர்களிடம் முனிச்சந்திரர் மண்ணால் செய்த உருவங்களைப் படைத்தால் போதும் என்று அறிவுறுத்துகிறார். அது அறமாகவே கொள்ளப்படுகிறது. மாவுக்கோழிக்கும் மண்ணுருவுக்கும் வேறுபாடு பொருளில் இல்லை, எண்ணத்தில் இருக்கிறது. கொல்லும் ஆசையை நிறைவேற்ற வந்த மாதிரி ஒன்று. கொலையைத் தவிர்க்க வந்த மாதிரி மற்றொன்று. சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்லும் மாதிரி இரண்டாவது வகை.

நீலகேசியை எடுத்ததால் அதன் இன்னொரு வாதத்தையும் இங்கு நினைவுகூரலாம். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் சமய திவாகரர் உரையோடு அந்நூலைப் பதிப்பித்து நம் கையில் தந்தார். பிறர் கொன்ற விலங்கின் ஊனை உண்பதில் உண்பவனுக்குப் பாவமில்லை என்னும் பௌத்தர் கூற்றை நீலகேசி அதில் மறுக்கிறாள். வாங்குபவன் இருப்பதால்தான் கொல்பவன் இருக்கிறான் என்பது அவள் வாதத்தின் சாரம். மருந்துக்கடையில் நிற்கும் நமக்கும் இந்தக் கேள்வி பொருந்துமா? முழுவதும் பொருந்தாது என்றே கருதுகிறேன். ஊன் நாவின் சுவைக்காக வாங்கப்படுவது. மருந்து உயிர் காப்பதற்காக. இல்லறத்தானின் இம்சையைச் சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பிரித்து, வேண்டுமென்றே செய்யும் சங்கற்ப இம்சையை அறவே விலக்கு, மற்றவற்றைக் குறைத்துக்கொண்டே வா என்றனர் நம் ஆசாரியர். நோயை எதிர்ப்பது விரோத இம்சையோடு ஒப்பிடத்தக்கது என்று வாதிடலாம்தான். ஆனால் முகப்பூச்சுக்கும் வாசனைத் தைலத்துக்கும் முயலின் கண்ணில் மருந்தூற்றுவதை எந்த வகையில் சேர்ப்பது? அங்கே நீலகேசியின் கேள்வி முழுவதும் பொருந்தும்.

சட்டம் வந்தது, அது உறங்கவும் செய்தது. 1962-இல் இந்திய விலங்குகள் நல வாரியம் சென்னையில் அமைக்கப்பட்டது. ருக்மிணி தேவி அதன் முதல் தலைவர். 1986-இல் மறையும் வரை அப்பணியில் இருந்தார். இடையில் 1977-இல் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு அழைத்ததையும் அவர் ஏற்கவில்லை. சோதனைகளைக் கண்காணிக்கும் குழு 1964-இல் அமைக்கப்பட்டது. ஆனால் அதற்கு வலுவான விதிகள் 1998 வரை வரவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள்! படிப்படியான வழியின் ஆபத்து என்று முன்னர்க் கூறியது இதுவே.

அந்த உறக்கக் காலத்தில் ஒரு பெரிய வெற்றி வேறு வாயிலாகக் கிடைத்தது. இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்து செய்யக் குரங்கின் சிறுநீரகத் திசு தேவைப்பட்டதால், வட இந்தியாவின் செம்முகக் குரங்குகள் 1950-களின் இறுதியில் ஆண்டுக்கு இலட்சத்துக்கும் மேலாக வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. (சத்தியமங்கலம் மலைச்சாலையில் நாம் காணும் குரங்கு வேறு இனம்.) 1955-இன் தொடக்கத்தில் இலண்டன் விமான நிலையத்தில் வண்டியில் அடைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 400 குரங்குகள் மூச்சுத்திணறி இறந்தன. இந்திய அரசு ஏற்றுமதியை நிறுத்தியது. மருந்துக்கும் இன்றியமையாத மருத்துவ ஆய்வுக்கும் மட்டுமே பயன்படுத்துவோம் என்ற உறுதிமொழி பெற்று மீண்டும் திறந்தது. அந்த உறுதிமொழிதான் பின்னர்க் கைகொடுத்தது. அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடங்களில் இக்குரங்குகள் கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்டு, உடல் தளரும்வரை ஓடவைக்கப்பட்ட செய்தியை, குரங்கினப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை நிறுவிய ஷெர்லி மெக்கிரீல் என்ற அம்மையார் வெளிப்படுத்தினார். போர்ச் சோதனை மருத்துவ ஆய்வாகாது. மொரார்ஜி தேசாய் அரசு 1978 ஏப்ரல் முதல் ஏற்றுமதியை முற்றாக நிறுத்தியது. முழுத் தடை கேட்டிருந்தால் 1955-இல் எதுவும் கிடைத்திராது. நிபந்தனை ஒன்றை எழுதி வாங்கியிருந்ததால், அது மீறப்பட்டபோது கதவை மூட முடிந்தது.

சென்னையில் 1959-இல் விமானி கேப்டன் வி. சுந்தரமும் அவர் துணைவியார் உஷா சுந்தரமும் தொடங்கிய விலங்கு நலப் பணி, பின்னர் இந்திய நீலச்சிலுவைச் சங்கமாக வளர்ந்தது. அவர்களுடைய மகன் சின்னி கிருஷ்ணா இருவழிகளில் அதைத் தொடர்ந்தார். தவளையை அறுக்காமலே கணினித் திரையில் அதன் உள்ளுறுப்புகளைக் காட்டும் மென்பொருளை நீலச்சிலுவை உருவாக்கியது. முனிச்சந்திரரின் மண்ணுரு, மின்னுருவாக வந்தது எனலாம். தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையை மாநகராட்சியிடம் நெடுங்காலம் வலியுறுத்தி 1996-இல் சென்னையில் ஏற்கச் செய்ததிலும் அதற்குப் பங்கு உண்டு. 1926-இல் காந்தியடிகளுக்கும் அவரை எதிர்த்தவர்களுக்கும் கிடைக்காத விடை அது. நாயைக் கொல்லவும் வேண்டாம், கேட்பாரற்று விடவும் வேண்டாம். நாய்க்கு ஊசி போட்டுவிட்டால் குழந்தைக்கு ஊசி வேண்டியிராது.

1998-ஆம் ஆண்டு விதிகளுக்குப்பின் நிலைமை விரைந்து மாறியது. விலங்குகளை ஆய்வுக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிறுவனமும் பதிவு செய்துகொள்ள வேண்டும். நன்னெறிக் குழு அமைத்து ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒப்புதல் பெற வேண்டும். கல்லூரி விலங்கியல் வகுப்புகளில் அறுவைப் பயிற்சியைக் குறைக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் நெறிமுறை வகுத்து, 2014-இல் முற்றிலும் நிறுத்தச் சொன்னது. அதே 2014-இல் அழகுப் பொருள்களை விலங்குகள்மீது சோதிப்பதும், அவ்வாறு சோதித்தவற்றை இறக்குமதி செய்வதும் இந்தியாவில் தடைசெய்யப்பட்டன. விலங்கியல் படிக்கும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் தவளைப் பலகைமுன் கண்கலங்கி நின்ற காலம், இவ்வாறு ஓசையின்றி முடிந்தது.

குன்னூர் ஆடுகள் என்னவாயின? அவற்றை விடுவித்ததில் எதிர்ப்பு இயக்கத்தைவிட மருத்துவர்களுக்கே பங்கு அதிகம். ஆட்டு மூளையின் நரம்புப் பொருள், ஊசி போட்டவர்களில் சிலருக்குப் பக்கவாதம் போன்ற கொடிய பின்விளைவைத் தந்தது. அம்மருந்தைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் பல்லாண்டுகள் வலியுறுத்தியது. 2004-இன் இறுதியில் இந்தியாவில் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. மாற்றாக வந்தவை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களில் செய்யப்படும் மருந்துகள். அவற்றுள் ஒருவகை உயிரணுவின் வரலாறு வியக்கத்தக்கது. 1962-இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்ட அணுக்கள், அன்றுமுதல் இன்றுவரை பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கின்றன. அன்று இறந்த ஒரு குரங்கின் அணுக்கள், பின்னர் எண்ணற்ற ஆடுகள் இறக்காமல் இருக்கக் காரணமாயின. கணக்கு இவ்வளவு எளிதா என்று கேட்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இப்புதிய மருந்தின் ஒவ்வொரு தொகுதியின் வீரியமும் நெடுங்காலம் சுண்டெலிகளிலேயே சோதிக்கப்பட்டு வந்தது.

குறைத்தல், செம்மைப்படுத்தல், மாற்றுக் காணல் என்ற மூன்று நெறிகளை ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கில அறிவியலாளர் இருவர் 1959-இல் ஒரு நூலில் வகுத்தனர். இன்று உலக ஆய்வுக்கூடங்கள் அனைத்தும் ஓதும் மந்திரம் அது. இந்தியக் குழு அதனோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்தது: சோதனை முடிந்தபின் பிழைத்திருக்கும் விலங்குக்கு மறுவாழ்வு அளிப்பது ஆய்வாளரின் பொறுப்பு. பசு முதுமையடைந்தபின்னும் பேணும் பிஞ்சராப்போல் மரபு கொண்ட நாட்டில் இக்கருத்துத் தோன்றியது இயல்பே. 2023-இல் புதிய மருந்துகளுக்கான விதிகளும் திருத்தப்பட்டு, விலங்கல்லாத சோதனை முறைகளின் முடிவுகளையும் ஏற்க வழி பிறந்தது.

கொங்கு நாட்டு உழவர் இல்லங்களுக்கு நாய்க்கடியைவிட அண்மையான அச்சம் பாம்புக்கடி. அதற்குரிய நச்சுமுறி மருந்து இன்றும் குதிரைகளிடமிருந்தே பெறப்படுகிறது. செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்துவிட்டு அதைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்நஞ்சு சிறுசிறு அளவில் குதிரைக்குச் செலுத்தப்படுகிறது; குதிரையின் குருதியில் எதிர்ப்பாற்றல் ஊறியபின் குருதி எடுக்கப்பட்டு மருந்தாகிறது. குதிரை இறப்பதில்லை, ஆனால் ஆண்டுக்கணக்கில் இதற்காகவே வாழ்கிறது. ஆட்டுக்கு வந்த விடிவு குதிரைக்கு இன்னும் வரவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள், வெளிநாட்டு ஆய்வாளருடன் சேர்ந்து, குதிரை இன்றியே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய மனித எதிர்ப்பொருள் ஒன்று நாகம், கட்டுவிரியன் போன்றவற்றின் நஞ்சிலுள்ள ஒரு முக்கிய நச்சு வகையை முறிக்கிறது என்று 2024-இல் அறிவித்தனர். அதன் ஆற்றலை அவர்கள் சோதித்துப் பார்த்தது சுண்டெலிகளில்.